இரண்டு ஸ்டான்லியும் ஒரு காலிக் குப்பியும்

பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி கோஷ்டிகளே... இந்த வாரம் உங்க ஏரியா! (மெக்கானிக்கல், பி.காம். மக்களே, அடுத்த பக்கத்துக்கு ஓடிடாதீங்க. உங்களுக்கும் புரியிற மாதிரிதான் சொல்லப் போறேன்.)

ஒரு சீன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஹெச்.ஓ.டி. கையெழுத்துக்கு ஒரு வாரம், ஆபீஸில் ஃபைல் நகர ஒரு மாதம் என்று காத்திருந்து, ஒருவழியாக அந்த தெர்மோகோல் பெட்டி வந்து இறங்குகிறது. ஐஸ் பேக்கை விலக்கினால், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குப்பி. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறீர்கள். உள்ளே... ஒன்றுமே இல்லை!

"சார், ஏமாத்திட்டாங்க சார்! காலிக் குப்பியை அனுப்பிட்டு ஆயிரக்கணக்குல பில் போட்டிருக்காங்க!"

கத்துவதற்கு முன்னால் லேபிளைப் படியுங்கள் பாஸ். 'ரீகாம்பினன்ட் ஹ்யூமன் இ.ஜி.எஃப். 100 மைக்ரோகிராம். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்.'

100 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? தூள் உப்பை விரலால் தொட்டால் ஒட்டுமே, அதில் ஒன்றிரண்டு பரல். அவ்வளவுதான் எடை. அதையும் உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி, குப்பியின் சுவரில் மெல்லிய படலமாகப் படிய வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதது நியாயம்தான். தெரியாததால் 'இல்லை' என்று நினைத்தால்தான் வம்பு. அந்த வம்பில் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் குப்பிக்குள் இருக்கும் ஆசாமி யார் என்று பார்த்துவிடுவோம்.

காலிங் பெல் அடிக்கும் விரல்

இ.ஜி.எஃப். என்றால் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர். 53 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிப் புரதம். நடுவில் மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்பு போட்டு முடிச்சு. இது செல்லுக்குச் சாப்பாடு இல்லை, எரிபொருளும் இல்லை. இது ஒரு சேதி. 'வளரு, இரண்டாகப் பிரி' என்கிற சேதி.

செல்லின் மேல்தோலில் இதற்கென்றே ஒரு ரிசப்டர் நிற்கிறது. வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிற மாதிரி. இ.ஜி.எஃப். வந்து அழுத்துகிறது. பக்கத்துப் பக்கத்து ரிசப்டர்கள் இரண்டு ஜோடி சேர்கின்றன. வாசலுக்கு வெளியே பெல் அழுத்தினால் மணி வீட்டுக்குள்ளேதானே அடிக்கும்? அதேபோல ரிசப்டரின் உள்பக்க வால் விழித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அந்தச் சேதி கைமாறிக் கைமாறி நியூக்ளியஸ் வரை போகிறது. செல் பிரியத் தயாராகிறது. விரல் வீட்டுக்குள் நுழையவில்லை. ஆனால் வீடே எழுந்துவிட்டது!

இதற்கு எவ்வளவு மருந்து வேண்டும் தெரியுமா? மார்பகத் திசுவிலிருந்து வந்த எம்.சி.எஃப்.10ஏ என்ற செல்களை லேபில் வளர்ப்பார்கள். அவற்றின் வழக்கமான மீடியத்தில் 1 மில்லிக்கு 20 நானோகிராம் இ.ஜி.எஃப். சேர்ப்பார்கள். கணக்குப் போடுங்கள். அந்த 'காலிக்' குப்பியில் இருக்கும் 100 மைக்ரோகிராமை வைத்து 5 லிட்டர் மீடியம் தயாரிக்கலாம். அப்படிக் கரைத்த பிறகும் ஒவ்வொரு மில்லியிலும் சுமார் 2 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். காலியாம், காலி!

சீக்கிரம் கண் திறந்த எலிக்குட்டி

இந்தக் குப்பிக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் அமெரிக்கர்கள். தமாஷ் என்னவென்றால், இரண்டு பேர் பெயரும் ஸ்டான்லி கோஹன்!

முதல் ஸ்டான்லி 1922-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா தையல்காரர். படிப்புச் செலவுக்குப் பணம் சேர்க்க, பால் பதப்படுத்தும் ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. செய்தது மண்புழுக்களைப் பற்றி. ராத்திரி நேரத்தில் கேம்பஸ் புல்வெளியில் குனிந்து குனிந்து 5,000-க்கும் மேலான மண்புழுக்களைப் பொறுக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ப்ராஜெக்ட் கஷ்டம் என்று புலம்புகிறவர்கள் கவனிக்க!

1950களில் அவர் செயின்ட் லூயிஸில் இருந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அங்கே ரீட்டா லெவி-மொன்டால்சினி இருந்தார். முசோலினி காலத்து இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, டூரின் நகரத்தில் தன் படுக்கையறையையே லேபாக்கிக் கோழிமுட்டைக் கருவில் ஆராய்ச்சி செய்த பெண்மணி. நரம்புகளை வளரச் செய்யும் ஏதோ ஒரு பொருளை அவர் கண்டுபிடித்திருந்தார். அது என்ன பொருள் என்று பிரித்தெடுத்துச் சொல்வது ஸ்டான்லியின் வேலை.

அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் பாம்பு விஷத்தைக் கொஞ்சம் சேர்த்தார்கள். பார்த்தால், நரம்பு வளர்ச்சி இன்னும் பல மடங்கு கூடிவிட்டது! விஷத்திலேயே அந்தச் சரக்கு இருந்திருக்கிறது. பாம்புக்கு விஷப்பை என்றால், எலிக்கு அதற்குச் சமமானது எது? உமிழ்நீர்ச் சுரப்பி! அங்கே தேடினார்கள். அங்கேயும் கிடைத்தது.

இங்கேதான் விஷயமே. அந்தச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டபோது வேறொன்றும் நடந்தது. சாதாரணமாக 12 முதல் 14 நாளில் கண் திறக்கும் குட்டிகள், 7-வது நாளிலேயே கண் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. நரம்பு வளர்ச்சிக்கும் இமை திறப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 'சாற்றில் ஏதோ அழுக்கு கலந்திருக்கு, விடு' என்று தள்ளியிருக்கலாம். நாமாக இருந்தால் ரெக்கார்ட் நோட்டில்கூட எழுதியிருக்க மாட்டோம்!

ஸ்டான்லி விடவில்லை. அந்த 'அழுக்கை'த் துரத்திப் போனார். 1962-ல் அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டார். அதுதான் இ.ஜி.எஃப். 1972-ல் எலியின் இ.ஜி.எஃப்.பில் இருக்கும் 53 அமினோ அமிலங்களின் வரிசையும் தெரிந்தது. 1986-ல் ரீட்டாவுக்கும் அவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு.

சரி, மனித இ.ஜி.எஃப்.புக்கு எங்கே போவது? மனிதர்களின் சிறுநீரிலிருந்து எடுத்தார்கள்! 1975-ல் அப்படித்தான் அது கிடைத்தது. ஆனால் லிட்டர் லிட்டராகச் சிறுநீரை வடிகட்டினாலும் கிடைப்பது துளியூண்டு. உலகத்து லேப்களுக்கெல்லாம் எப்படிக் கொடுப்பது?

இரண்டாவது ஸ்டான்லி என்ட்ரி!

ஸ்டான்லி நார்மன் கோஹன். இவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். 1972 நவம்பரில் ஹவாயில் பிளாஸ்மிட் பற்றி ஒரு கருத்தரங்கு. அங்கே ஹெர்பர்ட் பாயரைச் சந்தித்தார். பாயரிடம் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் என்சைம் இருந்தது. கோஹனிடம் பாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ.வைச் சுமந்து போகும் பிளாஸ்மிட் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் இரண்டும் ஒன்று சேர்ந்தன. 1973-ல் வெட்டி ஒட்டிய டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள் வேலை செய்தது. அந்த பிளாஸ்மிட்டின் பெயர் பி.எஸ்.சி.101. அந்த 'எஸ்.சி.' வேறு யாருமில்லை, ஸ்டான்லி கோஹன்தான்!

அப்புறம் மளமளவென்று வேலை நடந்தது. 1977-ல் சோமட்டோஸ்டேட்டின் என்ற 14 அமினோ அமில மனித ஹார்மோனை பாக்டீரியா செய்து கொடுத்தது. 1978-ல் மனித இன்சுலின். 1982-ல் அந்த இன்சுலினுக்கு அமெரிக்காவில் மருந்தாக அனுமதி. 1980களின் தொடக்கத்திலேயே இ.ஜி.எஃப்.புக்கான ஜீனையும் லேபில் செய்து இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார்கள்.

ஆக, உங்கள் கையில் இருக்கும் குப்பியில் 'இ.ஜி.எஃப்.' என்பது முதல் ஸ்டான்லி. 'ரீகாம்பினன்ட்' என்பது இரண்டாவது ஸ்டான்லி. வைவாவில் யாராவது 'கோஹன்' என்று ஆரம்பித்தால், 'எந்த கோஹன் சார்?' என்று கேளுங்கள். மார்க் நிச்சயம்!

லேபிளும் கூட வரும் தாளும்

குப்பியோடு ஒரு தாள் வரும். முக்கால்வாசிப் பேர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, எதில் செய்தது? இ.ஜி.எஃப்.பில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டத் தேவையில்லை. அதனால் இ.கோலை போதும். ஆனால் எரித்ரோபாய்டின் போன்ற புரதம் உடம்புக்குள் வேலை செய்ய சர்க்கரைச் சங்கிலி வேண்டும். அதற்குப் பாலூட்டியின் செல்தான் சரி.

இரண்டு, வேலை செய்கிறதா? புரதம் இருப்பது வேறு, அது சரியாக மடிந்து இருப்பது வேறு. இ.கோலைக்குள் அந்த மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுவது கஷ்டம். பல சமயம் புரதம் சுருண்டு கட்டியாகிவிடும். அதைக் கரைத்து, பொறுமையாகத் திரும்ப மடிய வைப்பார்கள். மடிந்ததா என்று எப்படித் தெரியும்? எலியின் 3டி3 செல்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். உச்ச வளர்ச்சியில் பாதியைக் கொண்டுவர எவ்வளவு தேவைப்படுகிறது என்பதுதான் இ.டி.50. அது 1 மில்லிக்கு 0.1 நானோகிராம் என்று போட்டிருந்தால், 1 மில்லிகிராம் புரதத்தில் 1 கோடி யூனிட் திறன் இருக்கிறது என்று அர்த்தம். இ.டி.50 எவ்வளவு குறைவோ, சரக்கு அவ்வளவு வீரியம்.

மூன்று, எண்டோடாக்சின் எவ்வளவு? இ.கோலையின் மேலுறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் நச்சு இது. இதைச் சோதிக்க குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த பொருளைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நோய் எதிர்ப்பு செல்களில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால், செல் துள்ளுவது இ.ஜி.எஃப்.பாலா, எண்டோடாக்சினாலா என்று கடைசிவரை தெரியாது.

நான்கு, எதில் கரைப்பது? இதற்கு என் சோகக் கதையைக் கேளுங்கள்.

மூன்றாவது தட்டு

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். நான் வளர்த்ததும் அதே எம்.சி.எஃப்.10ஏ செல்கள்தான். குப்பி வந்தது. தாளைப் படிக்கவில்லை. 'தினமும் கணக்குப் போடுற வேலை மிச்சம்' என்று, நிறைய தண்ணீர் ஊற்றி ரொம்ப நீர்த்த கரைசலாக ஒரே பிளாஸ்டிக் ட்யூபில் கரைத்து வைத்தேன். வேண்டும்போதெல்லாம் ஃப்ரீசரிலிருந்து எடுப்பது, உருக்குவது, கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்ப உறைய வைப்பது. ரொம்ப சிக்கனமான பையன் என்று எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் செல்கள் படுத்துவிட்டன. வளரவே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே இன்குபேட்டரைப் பயன்படுத்திய இன்னொரு மாணவியிடம் சண்டைக்குப் போனேன். 'நீ கதவைத் திறந்து திறந்து வெச்சே, அதான் என் செல் போச்சு!' லேப் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்கு முன்னால் வந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

என் கைடு நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இ.ஜி.எஃப். எதுல கரைச்சே?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் புரதம் ட்யூப் சுவத்துலதான்டா இருக்கு. தண்ணியில இல்ல" என்றார்.

அப்படித்தான். புரதம் ரொம்ப நீர்த்த கரைசலில் இருந்தால் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பி.எஸ்.ஏ. என்கிற அல்புமினைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். சுவரை அது அடைத்துக்கொள்ளும், நம்ம ஆள் கரைசலில் இருப்பார். மிச்சமிருந்ததையும் நான் உருக்கி உருக்கி உறைய வைத்தே கெடுத்திருந்தேன்.

கைடு மூன்று தட்டு வைக்கச் சொன்னார். ஒன்றில் இ.ஜி.எஃப். இல்லை. ஒன்றில் பக்கத்து லேபிலிருந்து கடன் வாங்கிய புது இ.ஜி.எஃப். மூன்றாவதில் என்னுடையது. மூன்றும் அதே இன்குபேட்டரில், அதே தட்டில், அதே கதவுக்குப் பின்னால். நாலு நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புதுசு போட்ட தட்டு நிறைந்திருந்தது. என்னுடையதும், எதுவுமே போடாததும் ஒரே மாதிரி இருந்தன. நான் மூன்று வாரமாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்த மூணு தட்டை முதல்லயே வெச்சிருக்கலாமே?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இன்றுவரை அதைவிட நல்ல மெத்தடாலஜி வகுப்பு எனக்கு யாரும் எடுக்கவில்லை.

அதனால் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து: மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் குப்பியை ஒரு சுற்று விடுங்கள். படலம் உடைந்து மூடியில் ஒட்டியிருக்கலாம், திறந்தால் பறந்துவிடும். தாளில் சொன்ன திரவத்தில், சொன்ன அளவில் கரையுங்கள். வோர்டெக்ஸில் வைத்து நுரை பொங்க ஆட்டாதீர்கள். மெதுவாகச் சாய்த்து, சுற்றி, கொஞ்ச நேரம் விட்டாலே கரையும். நீர்க்கச் செய்தால் அல்புமின் சேருங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவில் சின்னச் சின்ன ட்யூபாகப் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 20 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வையுங்கள். ஒரு ட்யூபை உருக்கினால் திரும்ப உறைய வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த மூன்றாவது தட்டு. அடுத்தவரைச் சந்தேகப்படும் முன்னால் நம்ம கைப்பக்குவத்தைச் சோதிக்கும் தட்டு அது.

'முகத்துல தடவலாமா சார்?'

கேட்பீர்கள் என்று தெரியும்! 'வளர்ச்சிப் புரதம்தானே, ஒரு சொட்டு எடுத்து பருத் தழும்புல போட்டா என்ன?'

லேபிளில் கடைசி வரியைப் படியுங்கள். 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்.' அது சும்மா மரியாதைக்குப் போட்டது இல்லை. இதே இ.ஜி.எஃப். மருந்தாகவும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்கு கியூபாவில் 2006-ல் ஊசிமருந்தாகப் பதிவானது. இந்தியாவில் பாரத் பயோடெக் நிறுவனம் அதே மாதிரிப் புண்ணுக்குத் தடவும் ஜெல்லாகக் கொண்டுவந்தது. ஆனால் அவை மனிதர்களிடம் சோதித்து, அளவு தீர்மானித்து, மருந்துக்கான விதிமுறைப்படி தயாரித்து வந்தவை. உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் குப்பி அந்த வழியில் வந்தது இல்லை. மூலக்கூறு ஒன்றுதான், உத்தரவாதம் ஒன்றில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெல் அடிக்கும் விரலுக்கு, வீட்டுக்குள் இருப்பது யார் என்று தெரியாது. நல்ல செல்லா, கோணல் வழியில் போகத் தொடங்கிய செல்லா என்று பார்க்காமல் 'வளரு' என்றே சொல்லும். பல புற்றுநோய்களில் இந்த ரிசப்டர்தான் கெட்டுப்போய், விரலே வைக்காமல் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மணியை நிறுத்தத்தான் 2003-ல் ஜெஃபிடினிப், 2004-ல் செடுக்ஸிமாப் போன்ற மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெங்களூரு பயோகான் நிறுவனமும் 2006-ல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இதே ரிசப்டரைக் குறிவைக்கும் மருந்தை இந்தியாவில் கொண்டுவந்தது. எலிக்குட்டியின் கண்ணைத் திறந்த அந்த 'அழுக்கை'த் துரத்தியதில் தொடங்கிய பாதை, புற்றுநோய் வார்டு வரைக்கும் வந்திருக்கிறது.

முதல் ஸ்டான்லி 2020 பிப்ரவரியில், 97 வயதில் காலமானார். அவர் செய்தது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஒரு எலிக்குட்டி ஒரு வாரம் முன்னதாகக் கண் திறந்ததை, 'அது கிடக்கட்டும்' என்று விடாமல் பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த தடவை அந்தக் குப்பி உங்கள் கைக்கு வரும்போது, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. பரவாயில்லை. தாளைப் பிரியுங்கள், தேதி எழுதுங்கள், மூணு தட்டு வையுங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று செல்களே சொல்லிவிடும்!

அடுத்த வாரம் பார்ப்போமா?